அட்ரினல் ஆய்வுக்கு எந்தப் பிராணி: சுண்டெலியா, எலியா, கினிப்பன்றியா?

ஆய்வில் சேர்ந்த முதல் வருடம் எனக்குக் கிடைத்த கேள்வி பார்க்க எளிமையானது: நாள்பட்ட மன அழுத்தம் அட்ரினல் சுரப்பியை என்ன செய்கிறது? விலங்குக் கூடத்தில் சுண்டெலிகள் தாராளமாக இருந்தன. குளிர்பெட்டியில் கார்ட்டிசால் அளக்கும் கிட் ஒன்று பிரிக்காமல் கிடந்தது. இரண்டையும் சேர்த்து வேலையை ஆரம்பித்துவிட்டேன். ஆறு வாரம் கழித்து மாதிரிகள் இட்ட தட்டை அளக்கும் கருவியில் வைத்தபோது எண்கள் வந்தன; அழுத்தம் கொடுத்த குழுவில் கொஞ்சம் கூடுதலாகவே வந்தன. வரைபடம் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். துறையின் மூத்த பேராசிரியை தாளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "சுண்டெலிக்கு ஏதும்மா கார்ட்டிசால்?" என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயம். மனித அட்ரினலில் 17-ஆல்ஃபா ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி இருக்கிறது. அதனால் நம் உடலில் முக்கிய அழுத்த ஹார்மோன் கார்ட்டிசால். எலி, சுண்டெலி இரண்டின் அட்ரினலிலும் அந்த நொதி இல்லை. விந்தகத்திலும் சூலகத்திலும் உண்டு, அட்ரினலில் கிடையாது. ஆகவே அவற்றில் வேலை செய்வது கார்ட்டிகோஸ்டீரோன். என் கிட்டில் இருந்த எதிர்ப்பொருள், உருவத்தில் நெருங்கிய உறவான கார்ட்டிகோஸ்டீரோனைக் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டது. நான் அதைக் கார்ட்டிசால் என்று படித்தேன். 24 சுண்டெலிகள். அந்த எண்ணை நான் மறக்கவில்லை.

அதனால்தான் இப்போது மாணவர்கள் "எந்தப் பிராணி எடுக்கலாம்?" என்று வந்தால் நேரடியாகப் பதில் சொல்வதில்லை. எந்த ஹார்மோன், எந்த அடுக்கு, எத்தனை முறை ரத்தம் என்று முதலில் கேட்கிறேன். பிராணி அதற்கு அப்புறம்தான்.

அட்ரினல் என்பது உண்மையில் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் இரண்டு சுரப்பிகள். வெளியே புறணி, உள்ளே அகணி. புறணியின் வெளி அடுக்கு ஆல்டோஸ்டீரோன் சுரந்து உப்பைக் காக்கிறது. நடு அடுக்கு கார்ட்டிசாலோ கார்ட்டிகோஸ்டீரோனோ சுரக்கிறது. மனிதரில் உள் அடுக்கு டி.எச்.ஈ.ஏ. போன்ற ஆண்ட்ரோஜன்களை (ஆண்தன்மை ஹார்மோன்களை) தருகிறது. அகணியின் வேலை அட்ரினலின். எலியிலும் உள் அடுக்கு இருக்கிறது, ஆனால் மேலே சொன்ன நொதி இல்லாததால் அங்கிருந்து ஆண்ட்ரோஜன் வராது. படத்தில் பார்த்தால் மனித அட்ரினல் போலவே இருக்கும். வேலையில் ஒரு துறை மூடிக்கிடக்கிறது.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலில் அளவு. வயதுவந்த சுண்டெலியின் ஒரு அட்ரினல் 2 முதல் 3 மில்லிகிராம். ஒரு எள்ளின் எடை. எலியுடையது 20 முதல் 30 மில்லிகிராம், ஒரு அரிசி. கினிப்பன்றியுடையது 200 மில்லிகிராமைத் தாண்டும். ஒரு கறுப்புக் கொண்டைக்கடலை. வயிற்றைத் திறந்ததும் சிறுநீரகத்தின் தலைமாட்டில் கொழுப்புக்குள் புதைந்து கிடக்கும். உருப்பெருக்கியின் கீழ் இரண்டு நுண் இடுக்கிகளை வைத்துக்கொண்டு கொழுப்பை இழை இழையாக உரிக்க வேண்டும். ஒரு மில்லிகிராம் கொழுப்பு ஒட்டிக்கொண்டு வந்தால் அரிசியில் பெரிய சேதமில்லை; எள்ளில் அது மூன்றில் ஒரு பங்கு. உரித்து முடிப்பதற்குள் சுரப்பி காய்ந்தும் போகும். ஈரமான வடிதாளில் வைத்துக்கொண்டே எடை போட வேண்டும். "அழுத்தம் கொடுத்த குழுவில் அட்ரினல் 15 சதவீதம் பெருத்தது" என்று சுண்டெலியில் எழுதும்போது, அந்த 15 சதவீதம் சுரப்பியா, கொழுப்பா என்று கையில் இடுக்கி பிடித்தவருக்குத்தான் தெரியும். எலியிலும் சுண்டெலியிலும் பொதுவாக இடது அட்ரினல் வலதைவிடப் பெரியது, பெண்ணுடையது ஆணுடையதைவிடப் பெரியது. இடதை ஒரு குழுவிலும் வலதை இன்னொரு குழுவிலும் எடுத்துவிட்டு வித்தியாசம் கண்டுபிடித்தவர்கள் உண்டு.

சுண்டெலிக்கு எடையைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அதன் புறணிக்கும் அகணிக்கும் நடுவே எக்ஸ் மண்டலம் என்ற தற்காலிக அடுக்கு உண்டு. 1927இல் எவலின் ஹோவர்ட்-மில்லர் இதை விவரித்தார். கருக்கால அட்ரினலின் மிச்சம் இது. ஆண் சுண்டெலியில் பருவமடையும் நேரத்தில், ஏறக்குறைய ஐந்தாறு வாரத்தில், டெஸ்டோஸ்டீரோன் ஏறும்போது கரைந்துவிடும். பெண்ணில் முதல் கர்ப்பம்வரை தங்கும். கர்ப்பம் தரிக்காத பெண்ணில் மெல்ல மெல்லக் குறையும், எவ்வளவு வேகத்தில் என்பது இனவழியை, அதாவது ஆய்வகத்தில் வளர்த்தெடுத்த கிளையை, பொறுத்தது. ஆறு வார ஆணையும் ஆறு வாரப் பெண்ணையும் ஒப்பிட்டு "பெண்ணின் அட்ரினல் அழுத்தத்துக்கு அதிகம் பதில் தருகிறது" என்று யாராவது சொன்னால், முதலில் சுரப்பியை வெட்டி எக்ஸ் மண்டலம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொல்வேன். வயதான சுண்டெலிகளில், குறிப்பாகப் பெண்களில், உறைக்குக் கீழே கதிர் வடிவச் செல்கள் பெருகிக்கிடப்பதும் சாதாரணம். அதை மருந்தின் விளைவு என்று எழுதிவிடக் கூடாது.

பிறகு ஏன் உலகம் முழுக்கச் சுண்டெலி? மரபணுவுக்காக. ஹார்மோனைப் பிடிக்கும் புரதமான ஏற்பி ஒன்றை ஒரே ஒரு வகைச் செல்லில் மட்டும் அணைத்துப் பார்க்க வேண்டுமென்றால், அதற்கான கருவிகளும் தயாரான வழிகளும் சுண்டெலியில்தான் குவிந்து கிடக்கின்றன. உங்கள் கேள்வியில் மரபணு இருந்தால் யோசிக்காமல் சுண்டெலி எடுங்கள், ஆண்களை எட்டு வார வயதுக்குப் பிறகு பயன்படுத்துங்கள், பெண்கள் எல்லாரும் கர்ப்பம் தரிக்காதவர்கள் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மரபணு இல்லாத கேள்விக்கு, விலை குறைவு, இடம் குறைவு என்பதற்காக மட்டும் சுண்டெலி எடுப்பதை நான் ஆதரிப்பதில்லை.

என் முதல் தேர்வு எலிதான். இந்தத் துறையே எலியில் பிறந்தது. மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் செலியே எலிகளுக்குச் சூலகச் சாறு ஊசி போட்டுப் புது ஹார்மோன் தேடிக்கொண்டிருந்தார். அட்ரினல் பெருத்தது, நோயெதிர்ப்பு உறுப்பான தைமஸ் சுருங்கியது, வயிற்றில் புண் வந்தது. வேறு எதை ஊசி போட்டாலும், குளிரில் வைத்தாலும் அதே மூன்றும் வந்தன. 1936இல் அவர் எழுதிய சிறு குறிப்பிலிருந்துதான் அழுத்தம் பற்றிய உயிரியல் வளர்ந்தது. அதே 1936இல் பால்டிமோரில் கர்ட் ரிக்டர் அட்ரினல் நீக்கிய எலிகளுக்கு முன்னால் உப்புக் கரைசலும் வெறும் தண்ணீரும் வைத்தார். எலிகள் உப்பைத் தேடிக் குடித்து உயிர் பிழைத்தன. ஆல்டோஸ்டீரோன் போனதும் உடலே தன் குறையை உணர்ந்து நாக்கைத் திருப்பிவிட்டது. இன்றும் அட்ரினல் நீக்கிய எலியின் கூண்டில் 0.9 சதவீத உப்புத் தண்ணீர் வைக்கிறோம். வைக்க மறந்த ஒரு திங்கட்கிழமைக் காலையை நான் பார்த்திருக்கிறேன். அதை இங்கே விவரிக்க விரும்பவில்லை.

ரத்தக் கணக்கைப் பாருங்கள். 25 கிராம் சுண்டெலியின் உடம்பில் மொத்த ரத்தமே 2 மில்லிலிட்டருக்குள். 250 கிராம் எலியில் சுமார் 16 மில்லிலிட்டர். ஒரே நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது பொதுவான வரம்பு. எனவே அழுத்தத்துக்கு முன், 15 நிமிடம், 30 நிமிடம், 90 நிமிடம் என்று ஒரே பிராணியில் நான்கு முறை எடுக்க வேண்டுமென்றால் எலியில் நிம்மதியாகச் செய்யலாம். சுண்டெலியில் ஒவ்வொரு துளிக்கும் கணக்குப் பார்க்க வேண்டும், அல்லது ஒவ்வொரு நேரத்துக்கும் தனிக் குழு வைக்க வேண்டும். அப்போது "சிறிய பிராணி, குறைந்த செலவு" என்ற கணக்கே தலைகீழாகிவிடும். உயிர்களின் எண்ணிக்கை நான்கு மடங்காகும்.

எலியிலும் எந்த எலி என்று கேட்க வேண்டும். லூயிஸ் இனவழியில் மூளையிலிருந்து அட்ரினல்வரை உள்ள அச்சு, அதாவது ஹார்மோன் கட்டளைத் தொடர், மந்தமானது. அழற்சியைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் போதுமான அளவு ஏறாததால் மூட்டழற்சி சுலபமாக வரும். ஃபிஷர் 344 நேர் எதிர், கொஞ்சம் தொட்டாலும் ஹார்மோன் எகிறும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே ஒரு நல்ல ஆய்வு. விஸ்டார், ஸ்ப்ராக்-டாலி இரண்டும் பொதுவான வேலைக்குப் போதும். அகணியைப் பற்றிய நீண்டகால ஆய்வென்றால் ஒரு எச்சரிக்கை: வயதான ஆண் எலிகளில் அகணிக் கட்டிகள் தாமாகவே வரும். சுண்டெலியில் அது அரிது.

இனி கார்ட்டிசாலே வேண்டும் என்பவர்களுக்கு. கினிப்பன்றியின் அட்ரினல் நம்முடையதைப் போலக் கார்ட்டிசால் சுரக்கிறது. இன்னொரு பெரிய லாபம் அதன் கர்ப்பம். சுண்டெலிக்கு 19 முதல் 21 நாள், எலிக்கு 21 முதல் 23 நாள். கினிப்பன்றிக்கு ஏறக்குறைய 68 நாள். குட்டி ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறந்து, அன்றே ஓடும். எலிக்குட்டியோ பிறந்த முதல் இரண்டு வாரத்தின் பெரும்பகுதியில் அழுத்தத்துக்கு ஹார்மோனால் பதில் சொல்லாது. அந்த அச்சு அப்போது அமைதியில் இருக்கும். தாயின் அழுத்தம் வயிற்றில் உள்ள குழந்தையின் அட்ரினலை எப்படி மாற்றுகிறது என்ற கேள்விக்குக் கினிப்பன்றியே நெருக்கமான விடை தரும்.

ஆனால் அந்த விடையில் ஒரு முடிச்சு. கினிப்பன்றியின் கார்ட்டிசால் ஏற்பி ஹார்மோனை இறுகப் பிடிப்பதில்லை. அந்தத் தளர்வை ஈடுகட்ட ரத்தத்தில் கார்ட்டிசால் ஏராளமாக ஓடுகிறது. அந்த எண்ணை மனித எண்ணோடு நேராக ஒப்பிட்டால் தவறு. டெக்சாமெத்தசோன் என்ற செயற்கை ஸ்டீராய்டின் அளவையும் எலியிலிருந்து அப்படியே எடுக்க முடியாது. அப்புறம் ரத்தம்: வால் இல்லை, கைக்கு வசதியான ரத்த நாளமும் இல்லை. பயந்தால் ஓடாமல் உறைந்து நின்றுவிடும். அமைதியாக இருக்கிறது என்று புதியவர்கள் நினைத்துக்கொள்வார்கள், அதன் கார்ட்டிசால் வேறு கதை சொல்லும். பஞ்சுக்குச்சியை வாயில் வைத்து உமிழ்நீர் எடுத்தால் கார்ட்டிசாலை அதிலேயே அளக்கலாம். கினிப்பன்றியை எடுப்பவர்கள் அந்த வழியைப் பழகிக்கொள்வது நல்லது. தீவனத்தில் வைட்டமின் சி கட்டாயம். எலி தானே தயாரித்துக்கொள்ளும், கினிப்பன்றியால் முடியாது. அட்ரினலோ உடலிலேயே வைட்டமின் சி அதிகம் சேர்த்து வைக்கும் உறுப்புகளில் ஒன்று. பழைய தீவன மூட்டையைக் கொடுத்துவிட்டு அட்ரினலை அளப்பது வீண்.

ஹாம்ஸ்டர் இடைப்பட்டது. சிரிய ஹாம்ஸ்டரின் ரத்தத்தில் கார்ட்டிசாலும் கார்ட்டிகோஸ்டீரோனும் இரண்டும் இருக்கும்; இரண்டையும் அளக்காமல் எதையும் சொல்லக் கூடாது. எலிக்கு மாறாக இங்கே ஆணின் அட்ரினல்தான் பெரியது. பகல் நீளம் குறைந்தால் விந்தகம் சுருங்கும், அதோடு மற்ற ஹார்மோன்களும் நகரும். பருவகாலம், மூளையிலுள்ள பீனியல் சுரப்பி, இனப்பெருக்கம் என்ற வட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு இது பொக்கிஷம். மற்றவர்களுக்குத் தேவையில்லாத ஒரு மாறி. 1930இல் அலெப்போ அருகே பிடிபட்ட ஒரு தாய், அதன் குட்டிகள் ஆகியவற்றிலிருந்தே பெரும்பாலான ஆய்வக ஹாம்ஸ்டர்கள் வந்தன என்பதால் மரபு வேறுபாடும் குறைவு.

அகோமிஸ் என்ற முள் மயிர்ச் சுண்டெலியையும் சொல்ல வேண்டும். கார்ட்டிசாலும் சுரக்கும், டி.எச்.ஈ.ஏ.வும் சுரக்கும். கொறிணிகளில் இது அபூர்வம். ஆனால் வாலைப் பிடித்தால் வால் தோல் உரிந்து கையோடு வந்துவிடும். முதுகுத் தோலும் சுலபமாகக் கிழியும். கிழிந்த தோல் திரும்ப நன்றாக வளர்ந்துவிடும் என்பதற்காகக் கவனமில்லாமல் பிடிக்கலாம் என்று அர்த்தமில்லை. பழகிய கை இல்லாத கூடத்தில் இதைத் தொடங்க வேண்டாம்.

பிராணியைத் தேர்ந்ததும் முடிந்துவிடவில்லை. எதில் அளப்பது என்பது அதே அளவு முக்கியம். ரத்தம் அந்த நொடியைக் காட்டும். கூண்டைத் தொட்டதிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் எடுத்தால்தான் அது இயல்பு நிலை. ஊசி குத்தியதிலிருந்து அல்ல, கூண்டைத் தொட்டதிலிருந்து. ஒரே கூண்டில் நான்கு எலிகள் இருந்தால், முதலாவதை எடுத்ததுமே மற்ற மூன்றுக்கும் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். எங்கள் கூடத்தில் இப்போது இரண்டு பேர் சேர்ந்துதான் எடுக்கிறோம். ஒருவர் கையில் எலி, ஒருவர் கையில் நிறுத்தற்கடிகாரம். ஈதர் மயக்கம் கொடுத்து எடுத்தால் ஈதரின் அழுத்தத்தைத்தான் அளப்பீர்கள்.

நேரமும் அப்படித்தான். நமக்குக் கார்ட்டிசால் விடியலில் உச்சம். எலியும் சுண்டெலியும் இரவாடிகள். விளக்கு அணையும் நேரத்தையொட்டித்தான் அவற்றின் கார்ட்டிகோஸ்டீரோன் உச்சத்தைத் தொடும், காலையில் அடிமட்டத்தில் கிடக்கும். காலை பத்து மணிக்கு எடுத்த ரத்தத்தையும் மாலை ஐந்து மணிக்கு எடுத்த ரத்தத்தையும் ஒரே குழுவில் போடாதீர்கள். இரவில் காவலர் டார்ச் அடித்துக் கூடத்தைப் பார்ப்பதும், மின்சாரம் போய் வந்ததும் விளக்கு நேரங்காட்டி முதலிலிருந்து ஓடுவதும் இந்தத் தாளத்தைக் குலைக்கும்.

மலம் வேறு மாதிரி. அதில் உள்ள ஹார்மோன் சிதைபொருள்கள் சில மணி நேரத்துக்கு முந்தைய கதையைச் சொல்லும். சுண்டெலியில் பகலா இரவா என்பதைப் பொறுத்து நான்கு முதல் பத்து மணி நேரம்வரை தாமதம் வரும். பிராணியைத் தொட வேண்டியதில்லை, நாள் கணக்கில் தொடரலாம். யாருடைய மலம் என்று தெரிய வேண்டும் என்பதற்காகத் தனித்தனியே அடைத்தால் தனிமையே ஓர் அழுத்தமாகிவிடும் என்பது இதன் குறை. திடீர் அதிர்ச்சியை அளக்க ரத்தம், வாரக்கணக்கில் நீளும் அழுத்தத்துக்கு மலம், கடைசி நாளில் அட்ரினல், தைமஸ் இரண்டின் எடை. என்னிடம் கேட்டால் இந்தச் சேர்க்கையைத்தான் சொல்வேன்.

தூக்கும் விதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்குவதைவிட, குழாய்க்குள் ஏறவிட்டோ இரண்டு கையையும் குவித்தோ எடுத்தால் பதற்றம் குறைகிறது என்று லிவர்பூலில் 2010இல் காட்டினார்கள். மனித ஆண்களின் வாடையே எலி, சுண்டெலிகளின் கார்ட்டிகோஸ்டீரோனை உயர்த்துகிறது என்று 2014இல் செலியே இருந்த அதே மெக்கிலிலிருந்து தகவல் வந்தது. ஆய்வு நடுவில் கையாள்பவர் மாறினால் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

மற்ற சுரப்பிகளைத் தொடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை. சி57 பிளாக் 6 சுண்டெலியின் பீனியலில் இரவு ஹார்மோனான மெலடோனினை உண்டாக்கும் வழி உடைந்திருக்கிறது. மெலடோனின் ஆய்வுக்கு அது வேண்டாம். மெலடோனின் சுரக்கும் சி3எச் எடுத்தால், அதன் பெரும்பாலான கிளைகளில் விழித்திரை சில வாரத்திலேயே சிதைந்துவிடும். தைராய்டில், வளர்ந்த எலிக்கு, அந்தச் சுரப்பியின் ஹார்மோனான தைராக்சினை ரத்தத்தில் கட்டி வைக்கும் புரதம் மிகக் குறைவு. நம் ரத்தத்தில் தைராக்சினின் அரையாயுள் ஏறக்குறைய ஒரு வாரம், எலியில் ஒரு நாள்கூட இல்லை. எலியின் தைராய்டு எப்போதும் ஓட்டத்தில் இருப்பதால், கல்லீரல் நொதிகளைத் தூண்டும் மருந்துகள் அங்கே கட்டியை உண்டாக்கினால் மனிதருக்கும் அப்படியே என்று சொல்லிவிட முடியாது. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஹார்டீரியன் சுரப்பி நல்ல தோழன்: எலி துன்பத்தில் இருந்தால் கண்ணோரத்திலும் மூக்கிலும் சிவப்பாகக் கசியும். ரத்தம் என்று மாணவர்கள் பதறி ஓடி வருவார்கள். அது போர்ஃபிரின் என்ற நிறமி. ஆனாலும் ஓடி வருவது சரிதான், அந்த எலிக்கு ஏதோ சரியில்லை.

கடைசியாக, பிராணியே வேண்டாம் என்ற தேர்வு. எச்295ஆர் என்ற செல் வழி, ஒரு பெண்ணின் அட்ரினல் புற்றுக்கட்டியிலிருந்து வந்தது. கார்ட்டிசால், ஆல்டோஸ்டீரோன், டி.எச்.ஈ.ஏ. மூன்றையும் தட்டிலேயே சுரக்கும். ஒரு வேதிப்பொருள் ஸ்டீராய்டு உற்பத்தியைக் குலைக்கிறதா என்று சோதிக்க இதற்கென்றே பன்னாட்டு வழிகாட்டுதல் உண்டு. பிட்யூட்டரியிலிருந்து வந்து அட்ரினலைத் தூண்டும் ஏ.சி.டி.எச்.சுக்கு இந்தச் செல்கள் சரியாகப் பதில் தராது. ஃபோர்ஸ்கோலின் போன்ற வேதிப்பொருள்களால் தூண்ட வேண்டும். மூளை, பயம், தூக்கம், தாளம் எதுவும் இதில் இல்லை. நொதியைப் பற்றிய கேள்விக்கு மட்டும் போதும். ஆனால் எத்தனையோ கேள்விகள் நொதியைப் பற்றியவைதான், கேட்பவர் கவனிக்காமல் எலிக்கூண்டுக்குப் போய்விடுகிறார்.

போன மாதம் ஒரு மாணவி விலங்கு நெறிமுறைக் குழுவுக்கான படிவம் பி-யை நிரப்பிக்கொண்டு வந்தாள். ஒரு மூலிகைச் சாறு டி.எச்.ஈ.ஏ. உற்பத்தியைக் கூட்டுகிறதா என்பது கேள்வி. பிராணி என்ற கட்டத்தில் சுண்டெலி, எண்ணிக்கை 48. ஏன் இந்த இனம் என்று கேட்கும் இடத்தில் "எளிதில் கிடைக்கும்" என்று எழுதியிருந்தாள். என் பழைய வரைபடத்தை எடுத்துக் காட்டினேன். சுண்டெலியின் அட்ரினல் அந்த ஹார்மோனைச் சுரப்பதே இல்லை என்று அவளே படித்துக் கண்டுபிடிக்க ஒரு மாலை ஆயிற்று. படிவத்தை இப்போதைக்கு மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். எச்295ஆர் செல்கள் அடுத்த வாரம் உலர்பனியில் வருகின்றன.